ரோசின் பூசாத வில்

அத்தியாயம் 6

பல் டாக்டரின் அறையில் உட்கார வேறு இடம் இல்லாததால் அண்ணி நோயாளி நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அது முனகிக்கொண்டே பின்னால் சாய்ந்தது. தலைக்கு மேலிருந்த விளக்கு நேராக அவள் முகத்தில் விழுந்தது. பதினெட்டு வருடமாக எத்தனையோ பேரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டவள் அவள். இன்றைக்கு நாற்காலி மாறியிருந்தது.

"கைப்பிடியை ஏன் அண்ணி இந்தப் பிடி பிடிக்கிறீங்க? அவர் இன்னும் ஊசியையே எடுக்கலை," என்றாள் நாத்தனார்.

நாத்தனார்தான் அவளுடைய துப்பறியும் அலுவலகத்தின் ஒரே உதவியாளர். கணவனின் தங்கை. இவள் வார்த்தைக்கு வார்த்தை 'அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கு கொண்டுவருகிறவர்களில் தொடங்கி காவல் நிலைய எழுத்தர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப் பல காலம் ஆகிவிட்டது.

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். மற்ற நாளெல்லாம் பல் பிடுங்குகிறவர், புதன் மாலையும் சனிக்கிழமை மூன்று மணிக்கும் ஊர்க்காரர்களின் சிம்பொனி இசைக்குழுவுக்கு முன்னால் குச்சியோடு நிற்பார். ஐம்பத்திரண்டு பேர் கொண்ட குழு. தபால்காரர், தையல்காரர், கணக்கு டீச்சர், லாரி ஓட்டுகிறவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசை இருந்தால் யாரும் சேரலாம். அண்ணி சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டாம் வயலின் வரிசையில், சுரம் எழுதிய நோட்ஸ் வைக்கும் கடைசி ஸ்டாண்டு. நாத்தனாருக்குப் பின்வரிசையில் முக்கோணக் கம்பி. ஒரு மணி நேர சிம்பொனியில் மொத்தம் பதினோரு தடவை தட்டுவாள். மிச்ச நேரம் எண்ணிக்கொண்டு நிற்பாள்.

"இதான் அண்ணி." டாக்டர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "புதன்கிழமை என் ஸ்டாண்டுல இருந்தது."

பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில், வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தன.

*இரண்டாம் வயலினில் ஒருவர் வாசிப்பதே இல்லை. கச்சேரிக்கு முன் கண்டுபிடியுங்கள்.*

"யாரோ விளையாடுறாங்கன்னு நெனச்சு எல்லார் முன்னாடியும் படிச்சிட்டேன். படிச்சிருக்கக் கூடாது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களும் இருந்தீங்களே. எல்லாரும் திரும்பிப் பாத்ததும் பேக்கரிக்காரம்மா வயலினைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டுப் போனாங்க. இனிமே வரலையாம். இன்னைக்கு நோட்ஸை மட்டும் திருப்பிக் குடுக்க வர்றாங்க. அடுத்த சனிக்கிழமை கச்சேரி. இரண்டாம் வயலின் எட்டுப் பேர்ல ஒருத்தர் இல்லைங்கறதுகூட எனக்குப் பெருசில்ல. ஆனா வாசிக்காதது அவங்கதானான்னு தெரியாமலே ஒரு மனுஷியைத் துரத்திட்டோமே, அது தூங்க விடலை."

"எழுதினது யாருன்னு தெரிஞ்சா..." என்றாள் அண்ணி.

"யாரைப் பத்தின்னு தெரிஞ்சிடும். இன்னைக்கு ஒத்திகைக்கு முன்னாடி தெரிஞ்சா, அவங்களைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்துடுவேன்."

"டாக்டர், எட்டுப் பேர் வாசிக்கிறதுல ஒருத்தர் வாசிக்கலைன்னா உங்க காதுக்குத் தெரியாதா?" என்றாள் நாத்தனார்.

"ரொம்ப நாளாவே எட்டு மாதிரி கேக்கலைம்மா. எனக்குக் காது மந்தமாகுதோன்னு நெனச்சேன்."

அண்ணி சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புதன்கிழமையே அவளுக்குத் தெரியும். அது யாரைப் பற்றி என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு தடயமும் தேவைப்படவில்லை.

சேர்ந்த மூன்றாவது ஒத்திகையில் நடந்தது அது. எல்லோரும் ஒரே சமயத்தில் நிறுத்தி, மூச்சுக்கூட விடாமல் காத்திருக்கும் ஓர் இடம் சிம்பொனியில் இருந்தது. அந்த மௌனத்துக்குள் அவள் மட்டும் வாசித்தாள். கதவு கிறீச்சிட்ட மாதிரி ஒரே ஒரு சுரம், தன்னந்தனியாக. "யாருக்கோ வீட்டுக்குப் போக அவசரம்," என்று டாக்டர் சிரித்தார். ஐம்பது பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை; அவளும் கூடச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று தடவை முகம் கழுவியும் சூடு இறங்கவில்லை.

அடுத்த ஒத்திகையிலிருந்து வில்லைத் தந்திக்கு ஒரு நூல் மேலே பிடித்து இழுத்தாள். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்ச நாள்தான், வீட்டில் பழகிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். ஒரு வருடம் போயிற்று. தோள் வலித்தது, அசந்தால் வில் தந்தியில் பட்டுவிடும் என்ற பயம் வேறு. பிறகு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். வில்லுக்குப் புதுக் குதிரைமுடி கட்டிக்கொண்டு வந்து, அதில் ரோசின் பூசாமலே விட்டுவிட்டாள். ரோசின் என்பது பிசின் கட்டி. அதைத் தேய்த்தால்தான் முடி தந்தியைப் பிடிக்கும், சத்தம் வரும். தேய்க்காத வில் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். எவ்வளவு அழுத்தினாலும் ஐம்பது பேர் வாசிக்கிற சத்தத்தில் அது யார் காதிலும் விழாது.

பதிலுக்கு அவள் வேறு எல்லாம் செய்தாள். எல்லோருக்கும் முன்னால் வந்து ஐம்பத்திரண்டு நாற்காலிகளைப் போட்டாள். நுழைவுச் சீட்டு விற்றாள், திரைச்சீலை தைத்தாள், தேநீர்க் குவளைகளைக் கழுவினாள். கச்சேரி அறிவிப்பில் 'குழுவின் நண்பர்கள்' என்ற பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ காதைப் பிடித்துத் திருகுவதுபோல் இருக்கும்.

புதன்கிழமை சீட்டைப் படித்ததும் எல்லோரும் பேக்கரிக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். விடியற்காலையிலிருந்து மாவு பிசைகிறவள். நடுநடுவே கை வலித்து வயலினை மடியில் இறக்கி வைப்பாள். அவ்வளவுதான் அவள் குற்றம். அவள் வயலினில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே, ரோசின் தூள் வெள்ளையாகப் படிந்திருப்பதை அண்ணி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். "அது ரோசினா, மைதா மாவா?" என்று நாத்தனார் கேலிகூடச் செய்திருக்கிறாள். விடாமல் வாசிக்கிறவர்களின் வயலினில்தான் அப்படிப் படியும்.

அதெல்லாம் தெரிந்தும் அண்ணியும் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, பின்பக்கம்," என்றாள் நாத்தனார்.

சீட்டைத் திருப்பினாள். தடித்த ஐந்து கோடுகள். அவற்றின் மேல் புளியங்கொட்டை அளவுக்கு நாலு சுரங்கள். நோட்ஸைப் பெரிதாக்கி எடுத்த நகலில் ஒரு மூலை.

"எழுத்தை மறைக்கிற ஆளு பொடிப்பொடியா எழுதுவான். இல்லைன்னா அச்சடிச்ச மாதிரி எழுதுவான்," என்றாள் நாத்தனார். "இவ்வளவு பெருசா எழுதினவன் எதையும் மறைக்கலை. தவிக்கிறான்."

"வாயை மூடிக்கிட்டு வா," என்று அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுதியவரைக் கண்டுபிடிக்க வேண்டும். பேக்கரிக்காரம்மாவுக்காகத்தான் என்று டாக்டரிடம் சொன்னாள். மற்றவர்களுக்கு முன்னால் தான் போய்ச் சேரவேண்டும், அவர் வாயைத் திறக்கும் முன்னால் எதையாவது சொல்லி அடைக்க வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

*

ஒத்திகை நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஜெராக்ஸ் கடைகள். முதல் கடையில் பெரிதாக்கும் மிஷினே இல்லை. இரண்டாவது கடையில் இருந்த பெண் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்திலேயே சிரித்துவிட்டாள்.

"இந்தத் தவளைக்குஞ்சுங்களா? வாராவாரம் நான்தான் வளத்து விடறேன்."

"யாருக்கு?"

"மொதல்ல வந்தப்ப நூத்தி இருபது பர்சென்ட் கேட்டாரு. அடுத்த மாசம் நூத்தி நாப்பது. அப்புறம் நூத்தி எழுபது. போன வாரம் எரநூறு வச்சுக் குடுத்தேன், ஒரு தாளுக்கு ரெண்டு வரிதான் வந்துச்சு. 'இன்னும் பெருசாகுமாம்மா'ங்கறாரு. 'இதுக்கு மேல சுவத்துலதான் வரையணும் சார்'னேன். சிரிச்சிட்டுப் போனாரு. பாவம், சிரிப்பு சரியில்ல."

"அவரு எங்க..."

"மூலையில கடிகாரக் கடை வச்சிருக்காரே, அவருதான். ஏன், ஏதாவது தப்பா?"

"தவளைக்குஞ்சு ஒண்ணு தப்பிச்சு வந்துடுச்சு. வீட்டுல கொண்டுபோய் விடணும்," என்றாள் நாத்தனார்.

தெருவில் இறங்கியதும் அண்ணிக்கு வெயில் சட்டென்று உறைத்தது. வாட்ச்காரர். இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு என்பது குழுவின் வழக்கம். அவளுடைய ஸ்டாண்டில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி வாட்ச்காரருடையது. ஸ்டாண்டின் உள்பக்கம் உட்காருகிறவர்தான் நோட்ஸின் தாளைத் திருப்ப வேண்டும். இரண்டு வருடமாக ஒரு தடவைகூடத் தவறாமல் திருப்பியவர். ஒத்திகை முடிந்ததும், "நல்லாப் போச்சுண்ணி இன்னைக்கு," என்பார். முழங்கைக்கு முழங்கை இடிக்கும் தூரம். தெரியாமலா இருந்திருக்கும்?

"நல்லாப் போச்சாம்," என்று முணுமுணுத்தாள். காது மடல் எரிந்தது. "இத்தனை நாள் பக்கத்துலயே உக்காந்து வேவு பாத்திருக்காரு."

நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருப்பது அபூர்வம். அண்ணி அதைக் கவனித்திருக்க வேண்டும்.

*

கடிகாரக் கடை ஓர் ஆள் திரும்புகிற அகலம்தான். சுவர் முழுக்கக் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. வாட்ச்காரர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பின்மூடி கழற்றிய ஒரு டைம்பீஸைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் வயலின் பெட்டி, மூன்று மணி ஒத்திகைக்குத் தயாராக.

"வாங்க," என்று நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார்.

"நான் பேசணும்," என்றாள் அண்ணி.

"அடடே, அண்ணியா!" முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. "உக்காருங்க, ஸ்டூல் இருக்கு."

அவள் உட்காரவில்லை. சீட்டைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் குனிந்து பார்க்கவில்லை. விரல் நுனியால் தடவினார். பென்சில் அழுத்தமாக ஓடிய பள்ளத்தில் விரல் நின்றது.

"எழுதினது நீங்கதானே?"

அவர் விரலைச் சீட்டிலிருந்து எடுத்தார்.

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"ஏழெட்டு மாசம் இருக்கும்ணி."

எட்டு மாதம். ஒவ்வொரு புதனும், ஒவ்வொரு சனியும். அவளுக்கு அந்தக் கடையை விட்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. "என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே. சீட்டு எழுதி வைக்கணுமா?"

"உங்ககிட்டயா?" அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "பக்கத்துல உக்காந்து வாசிக்கிறவங்ககிட்ட, 'நான் வாசிக்கிறதே இல்லை, சும்மா கையை ஆட்டிக்கிட்டிருக்கேன்'னு எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் சுவர்க் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேஜையைச் சரியாகப் பார்த்தாள். அவர் வலது கைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் சின்னத் திருகாணி ஒன்று கிடந்தது. அவர் விரல்கள் அதைத் தேடி மேஜையில் எறும்பு மாதிரி ஊர்ந்து, தொடாமலே திரும்பிப் போயின. வந்ததும் நாத்தனாரைப் பார்த்து 'வாங்க' என்றவர், குரலைக் கேட்டபிறகுதான் இவளை அடையாளம் கண்டுகொண்டார். துப்பறிகிறவள் உள்ளே நுழைந்தவுடனே பார்த்திருக்க வேண்டியதெல்லாம் இவைதான். தன்னையே பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு அவர் கண் தெரியவில்லை.

"கண்ணு நடுவுல இருட்டிட்டு வருதுண்ணி. ஓரத்துல மட்டும்தான் ஏதோ தெரியுது. கண் டாக்டர் கையை விரிச்சிட்டாரு. மொதல்ல சுரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பெருசு பண்ணிப் பண்ணி வீட்டுல படிச்சேன். இப்ப அதுவும் போச்சு." வயலின் பெட்டியின்மேல் கையை வைத்தார். "தப்பா வாசிச்சா எல்லாருக்கும் இடைஞ்சல்னு வில்லை ஒரு நூல் தூக்கிப் பிடிச்சேன். ஓரக்கண்ணுல உங்க வில்லு வெள்ளையா போறது தெரியும். அது போற பக்கம் நானும் இழுப்பேன்."

"பக்கம் திருப்பறது?"

"பக்கம் முடியற எடத்துல நீங்க ஒரு மூச்சு இழுப்பீங்க. அது கேட்டதும் திருப்பிடுவேன். ஒரு நாளும் தப்பினதில்ல." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. "நானா எந்திரிச்சுப் போகவும் மனசு வரலை, சொல்லவும் வாய் வரலை. யாராவது கண்டுபிடிச்சு 'போயிடுங்க'ன்னா போயிடலாம்னுதான் எழுதினேன். உங்க வாசிப்புல ஒரு தப்புகூடக் கேட்டதில்லைண்ணி. பக்கத்துலயே அப்படி ஒரு சத்தம் கேக்கறப்ப, நம்ம ஸ்டாண்டுக்கு அண்ணி ஒருத்தங்களே ரெண்டு பேருக்கும் சேத்து வாசிக்கிறாங்கன்னு நெனச்சுப்பேன்."

இப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான்.

"பேக்கரிக்காரம்மா நின்னுட்டாங்க, தெரியுமா?" என்று வேறு வரியைச் சொன்னாள். "சீட்டு அவங்களைப் பத்தின்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க."

வாட்ச்காரர் எழுந்தேவிட்டார். "யாரு? நமக்கு முன்னாடி ஸ்டாண்டுல உக்காருவாங்களே, அவங்களா? யாரோ பெட்டியை மூடற சத்தம் கேட்டுச்சு. நாற்காலி காலியாச்சுன்னு எனக்குத் தெரியலையே!" கை மேஜையில் பட்டு டைம்பீஸ் உருண்டது. "இன்னைக்கே சொல்லிடறேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எல்லார் எதிர்லயும் சொல்லிடறேன்."

*

"கேஸ் முடிஞ்சுது," என்றாள் அண்ணி, தெருவில்.

"ம்."

"எழுதினது யாரு, யாரைப் பத்தி, ரெண்டும் கெடைச்சாச்சு. அவரே சொல்லிடுவாரு. பேக்கரிக்காரம்மாவும் திரும்பி வந்துடுவாங்க."

"கச்சிதமா இருக்கு அண்ணி. பட்டன் எல்லாம் போட்டாச்சு." நாத்தனார் இரண்டு எட்டு நடந்தாள். "என்ன, ஒரு பட்டன் மிச்சம் இருக்கு."

அண்ணி நின்றாள்.

"மூணாவது பகுதியில நான் நூத்திப் பன்னெண்டு தாளக்கட்டம் எண்ணிக்கிட்டு நிக்கணும். அவ்வளவு நேரம் சும்மா நிக்கிறவ எதைப் பாப்பா? எல்லாரு முதுகையும்தான்." கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். வில்லுக்கு முடி கட்டிய கடைக்காரர் கூடவே கொடுத்த ரோசின் கட்டி. கண்ணாடித்தாள் உறை பிரிக்கப்படாமல் பளபளவென்று இருந்தது. "போன வருஷம் அலமாரியை ஒதுங்க வைக்கிறப்ப பாத்தேன். இன்னைக்குக் காலையிலயும் பாத்தேன். அப்படியே இருக்கு."

அண்ணிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரே வீடு. ஒரே சமையலறை. கேலி பண்ணாமல் ஒரு வாய் காபி குடிக்காதவள், இந்த ஒன்றைப் பற்றி ஒரு வருடமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஏன் சொல்லலை?"

"நான் உதவியாளர்தானே. கண்டுபிடிக்கிறது உங்க வேலை."

பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

*

மூன்று மணி. பள்ளிக்கூடத்தின் உள்விளையாட்டு அரங்கில் ஐம்பத்திரண்டு நாற்காலிகள். அண்ணி போட்டவைதான். மூன்றாவது ஸ்டாண்டில் பேக்கரிக்காரம்மாவுடைய நாற்காலியையும் போட்டிருந்தாள். போடும்போது அது மற்றதைவிடக் கனமாக இருந்தது.

டாக்டர் குச்சியை எடுத்ததும் வாட்ச்காரர் எழுந்தார். ஸ்டாண்டின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், அந்தச் சீட்டை எழுதினது நான்தான். அண்ணி கண்டுபிடிச்சுட்டாங்க. அது என்னைப் பத்தித்தான். எட்டு மாசமா எனக்கு நோட்ஸ் தெரியலை. நான் வாசிக்கலை."

பின்னாலிருந்து லாரிக்காரர், "ஐயோ சார், இதுக்கா இவ்வளவு?" என்றார். டாக்டர் இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டார். "உக்காருங்க. கண்ணு இல்லைன்னா காதால பழகலாம். நான் பதிவு பண்ணித் தர்றேன்." பிறகு நிமிர்ந்தார். அவர் முகத்திலிருந்து மூன்று நாள் பாரம் இறங்கியிருந்தது. "ஒரே நாள்ல கண்டுபிடிச்ச நம்ம அண்ணிக்கு..."

தந்தி வாத்தியக்காரர்கள் கை தட்டமாட்டார்கள். கையில் வயலின் இருக்கும். வில்லின் முனையால் ஸ்டாண்டைத் தட்டுவார்கள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டதுபோல் அரங்கு முழுக்க அந்தச் சத்தம் எழுந்தது. வாட்ச்காரரும் வில்லை நீட்டி, ஸ்டாண்டு எங்கே என்று காற்றில் துழாவி, கண்டுபிடித்து, அவளுக்காகத் தட்டினார்.

வாசலில் பேக்கரிக்காரம்மா தோளில் வயலின் பெட்டியோடு, நோட்ஸ் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

அண்ணிக்கு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சிரித்து, தலையை ஆட்டி, உட்கார்ந்திருந்தால் போதும். தடயம் ஒன்றும் மிச்சமில்லை. தெரிந்த ஒரே சாட்சி வீட்டு மனுஷி, அவள் சொல்லமாட்டாள். இனிமேல் காலம் முழுவதும் இப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

தட்டல் ஓய்ந்தது. அந்த மௌனத்தில் அவள் வயலினைத் தோளில் வைத்தாள். வில்லைத் தந்தியின்மேல் முழுதாக இறக்கி, அடியிலிருந்து நுனிவரை இழுத்தாள்.

அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. காகிதத்தின்மேல் விரல் ஓடுவதுபோல் ஒரு சின்ன 'ஸ்ஸ்'. ஆனால் அங்கே இருந்த அத்தனை தந்திக்காரர்களுக்கும் அது என்ன என்று தெரியும். முதல் வயலின் தையல்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"யாரு வில்லுலயோ ரோசின் இல்லை."

"என்னுதுல," என்றாள் அண்ணி. "ஒரு வருஷமா இல்லை. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் வில்லைத் தந்தியில படாம தூக்கிப் பிடிச்சேன். அன்னைக்கு நடுவுல வாசிச்சு எல்லாரும் சிரிச்சீங்களே, அதுக்கப்புறம் நான் வாசிக்கவே இல்லை. புதன்கிழமை சீட்டைப் படிச்சப்ப அது என்னைப் பத்தித்தான்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேதான் திரும்பி அவங்களைப் பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

வாட்ச்காரர் தலையைச் சாய்த்து யோசித்தார். "அப்ப நான் பக்கத்துல கேட்டது யாரோட சத்தம்?"

"என்னுதா இருக்கும்," என்றாள் பேக்கரிக்காரம்மா. "நான்தானே உங்களுக்கு நேர் முன்னாடி."

அவள் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வந்தாள். அண்ணியின் முன்னால் நின்றாள். புருவத்தில் ஒரு ஓரமாக மாவு ஒட்டியிருந்தது.

"மத்தவங்க பாத்தது எனக்குப் பெருசா படலை. நீங்களும் பாத்தீங்க பாருங்க. பொய்யைக் கண்டுபிடிக்கிறவங்க நீங்க. நீங்களே பாக்கறீங்கன்னா, நெசமாவே நான் சரியா வாசிக்கலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. மூணு நாளா வயலினைத் தொடலை."

அண்ணி வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த நேரத்தில் ரோசின் இல்லாத வில் மாதிரி இருந்தது. எதையும் பிடிக்காது. "பாத்தேன்," என்று மட்டும் சொன்னாள்.

பின்வரிசையிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். பொட்டலத்தை ஸ்டாண்டில் வைத்தாள். "மன்னிச்சுக்குங்க டாக்டர், ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் டெலிவரி," என்றாள். குரல் மட்டும் வழக்கம்போல் இல்லை.

அண்ணியின் விரல்களுக்கு உறை பிரியவில்லை. பேக்கரிக்காரம்மா அதை வாங்கிப் பல்லால் கிழித்தாள். இடுப்பிலிருந்த கடைச் சாவியை எடுத்துக் கட்டியின் மேல்பரப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினாள். "புதுக் கட்டி வழுக்கும். இப்படிக் கீறினாத்தான் முடியில ஏறும்." நீட்டினாள். "பூசுங்க. மொதல் பக்கம் தனியா வாசிங்க. நான் உக்கார்றதா, நோட்ஸைக் குடுத்துட்டுப் போறதான்னு அப்புறம் முடிவு பண்றேன்."

அண்ணி பூசினாள். வெள்ளைத் தூள் கறுப்பு உடுப்பில் விழுந்தது. டாக்டர் குச்சியை உயர்த்தினார், ஐம்பது பேருக்கு உயர்த்துவதுபோலவே.

வாசித்தாள். முதல் சுரமே பிசகியது. இரண்டாவது வரியில் விரல் தப்பியது; நாலாவது வரியில் தாளம் ஓடி, திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. கதவு கிறீச்சிடும் அதே பழைய சத்தம் வயலினிலிருந்து வந்தது, ஐம்பது பேர் அதைக் கேட்டார்கள். கழுத்திலிருந்து நெற்றிவரை கொதித்தது. இரண்டு வருடமாகக் கண்ணால் மட்டும் வாசித்த பக்கம் கைக்கு வரமாட்டேன் என்றது. நிறுத்தவில்லை. ஒவ்வொரு தப்பையும் முழு நீளத்துக்கு வாசித்தாள்.

பக்கத்தின் கடைசி வரி முடியும் இடத்தில், தன்னையறியாமல், மூச்சை இழுத்தாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது. பக்கம் திரும்பியது.

முன்னால் எங்கேயோ தரையில் நாற்காலி உராயும் சத்தம் கேட்டது. அது உட்காருவதற்காக இழுத்த சத்தமா, வழிக்காகத் தள்ளிவிட்ட சத்தமா என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. இரண்டாம் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினாள். மூன்றாவது சுரத்தில், அவளுடைய கரகரப்புக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து, இன்னொரு வயலின் சேர்ந்துகொண்டது.